பக்கிள் வீட்டுக் கொல்லைச் சரித்திரம்

இங்கிலாந்தில், ஹார்ன்செஸ்டர் ஊரில் மண்வெட்டியைக் கையில் எடுப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதும் ஒன்றுதான். ரோமாபுரிக்காரன் வந்தான், டென்மார்க்காரன் வந்தான், நார்மண்டிக்காரன் வந்தான். வந்தவன் எவனாவது போகும்போது தன் உடைந்த சட்டிபானையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனானா? அத்தனையையும் மண்ணுக்குள் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அதைக் காபந்து பண்ணுவதற்கென்றே நகரசபையில் ஒரு பிரிவு இருக்கிறது. புதைபொருள் கண்காணிப்புப் பிரிவு என்று பெயர். ஊருக்குள் எவன் எங்கே குழி தோண்டினாலும் அந்தப் பிரிவின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போன வருஷம் ஒரு பாதிரியார் செத்துப்போனார். அவருக்குக் குழி வெட்டும்போது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சாக்சன் காலத்துக் கொக்கி ஒன்று அகப்பட்டு, பாவம், மனிதர் ஈஸ்டர் வரைக்கும் குளிர்பெட்டியில் காத்துக்கிடந்தார். இப்போதெல்லாம் ஊரில் பாதிப்பேர் சாவதற்குப் பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

டெரக் பக்கிளுக்குச் சரித்திரத்தோடு உறவும் இல்லை, பகையும் இல்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஊர் நடுவிலிருக்கும் பழைய கோட்டையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாரே தவிர ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அவருடைய வீடு வரிசை வீடுகளில் ஒன்று. கீழே முன்னறையும் சமையலறையும், மேலே படுக்கையறையும் கழிப்பறையும், நடுவில் ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில்தான் அவர் மனைவி பெரில், துவைத்த துணிக்கூடையோடு உருண்டு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வீட்டு வசதிகளைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரி அம்மாள் படிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். கீழ்த்தளத்தில் கழிப்பறை இருந்தால் பெரில் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அன்றைக்கே பெரில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள்.

"யோவ் டெரக், அந்த இல்லத்துலேர்ந்து ஒருத்தி வந்து என்னைப் பார்த்துட்டுப் போனாய்யா. 'செல்லக்குட்டி'ங்குறா என்னை. பேரன் பேத்தி எடுத்தவ நான், செல்லக்குட்டியாம். மத்தியானமானா ஆளுக்கொரு கிலுகிலுப்பையைக் கையில குடுத்துப் பாடச் சொல்வாங்களாம். நான் அங்க போனா ஒண்ணு நான் சாவேன், இல்ல அவ சாவா."

"அதெல்லாம் போக விடமாட்டேம்மா. இப்போதைக்கு அந்த ஓட்டை போட்ட நாற்காலி இருக்கே, அதை முன்னறையில..."

"என்னது? டிவிக்குப் பக்கத்துல உக்காந்து அந்தக் காரியத்தைப் பண்ணணுமா? நான் என்ன கைக்குழந்தையா? ஒழுங்கு மரியாதையா கொல்லையில ஒரு கக்கூஸைக் கட்டு."

"கட்டுறேன்."

"வாயால கட்டாதே."

டெரக் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டாமல் அவருக்கு ஒரு பொழுது விடிந்ததில்லை. இப்போது வீட்டில் கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். அதைக் கேட்கவே பிடிக்கவில்லை அவருக்கு. பெரில் இல்லாத வீடு ஒரு வீடா?

கட்டட அனுமதி சீக்கிரமே கிடைத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அனுமதியின் வாலில் ஒரு நிபந்தனை தொங்கியது: புதைபொருள் பிரிவின் ஆள் பார்க்காமல் ஒரு கரண்டி மண்ணைக்கூட அள்ளக் கூடாது. பார்க்கிறவருக்குப் படியளப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

பார்க்க வந்தவன் பெயர் கிரிஸ்பின். வயசுப் பையன், நல்ல பையன், மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக வந்தான். முழங்காலுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தையும் கொண்டுவந்தான். ஷேன் என்கிற மேஸ்திரி சின்னப் பொக்லைன் ஒன்றைச் சந்து வழியாகக் கொல்லைக்குள் ஓட்டி வந்து நிறுத்தினார்.

"வாளியில பல்லு இருக்கு," என்றான் கிரிஸ்பின்.

"மண்ணு வெட்டுற வாளிக்குப் பல்லு இல்லாம?" என்றார் ஷேன்.

"பல் இல்லாத வாளிதான் வேணும். பல்லு சரித்திரத்தைக் கடிச்சிடும்."

பல்லில்லாத வாளி வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு வேலை நடந்த அழகைச் சொல்ல வேண்டும். ஷேன் ஒரு வழிப்பு வழிப்பார். கிரிஸ்பின் கையைத் தூக்குவான். பொக்லைன் நிற்கும். கிரிஸ்பின் மண்டியிட்டுப் பார்ப்பான், படம் எடுப்பான், எழுந்து தலையாட்டுவான். அடுத்த வழிப்பு. முதல் நாள் முடிவில் ஷேன் தோண்டிய பள்ளத்தில் ஒரு முட்டைக்கோஸ் நடலாம். கிரிஸ்பின் கண்ணை எடுத்தால் வேலை நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவன் தும்மினால் வேலை நின்றது. டெரக் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவன் மாடிக் கழிப்பறைக்கு ஓடிய போதெல்லாம் வேலை நின்றது. டெரக் ஓயாமல் டீ போட்டுக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஒரு தகர டப்பா அகப்பட்டது. உள்ளே கம்பளித் துணியில் சுற்றிச் சில எலும்புகள். கிரிஸ்பினுக்கு மூச்சு வாங்கியது.

"உலோகப் பேழை! மேல துணிப் போர்வை! தலை கிழக்குப் பக்கம்! சார், இது ஏதோ வழிபாட்டு அடக்கம்."

"தம்பி, அது எங்க டஃபி," என்றார் டெரக். "பூனை. பால்வண்டி ஏறிச் செத்துப்போச்சு. நான்தான் புதைச்சேன். அது பிஸ்கட் டப்பா. சுத்தியிருக்கிறது பெரிலோட பழைய ஸ்வெட்டர்."

கிரிஸ்பின் அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

"உங்க வாய்மொழி மரபை மதிக்கிறேன் சார். ஆனா நேர்ல பார்த்தவங்க சொல்றதை எங்க துறையில அவ்வளவா நம்பறதில்ல. மனுஷனுக்கு ஞாபகம் தப்பும். மண்ணுக்குத் தப்பாது."

"டப்பா மேலயே வருஷம் போட்டிருக்கேப்பா."

"அது டப்பாவோட வருஷம் சார். பூனையோட வருஷம் இல்ல."

ஷேன் பொக்லைனில் உட்கார்ந்தபடியே, "பெரியவரே, இன்னும் வேற எதையாவது புதைச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற வேலைக்குப் போயிட்டு அப்புறமா வர்றேன்," என்றார். டஃபி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஏறி ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

அதற்குப் பின் பல நாள் ஒன்றுமே கிடைக்கவில்லை. டெரக்குக்கு நம்பிக்கை வந்தது. "ஒண்ணும் இல்லைன்னா வேலையை முடிச்சிடலாம்தானே?" என்று கேட்டார்.

"அப்படி இல்ல சார். ஒண்ணும் இல்லைங்கிறதுதான் இருக்கிறதுலேயே கஷ்டமான கண்டுபிடிப்பு. எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணும் இல்ல, எவ்வளவு ஆழத்துக்கு ஒண்ணும் இல்ல, எந்தக் காலத்துலேர்ந்து ஒண்ணும் இல்லன்னு எல்லாத்தையும் அளக்கணும்."

அளந்தான். மழை பெய்தது. மழையிலும் நின்று ஒன்றுமில்லாததை அளந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டாள். பெரிலுடைய கட்டில் வேறு நோயாளிக்கு வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் கழிப்பறை தயாரில்லை என்றால் முதியோர் இல்லம்தானாம், அங்கே அறை ஒதுக்கியாகிவிட்டதாம், ஜன்னலைத் திறந்தால் ரோஜாத் தோட்டமாம்.

மறுநாள் காலையில் பல்லில்லாத வாளி ஒரு வழிப்பு வழித்தது. அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு மண். கிரிஸ்பின் குனிந்து மோந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. இந்தத் தடவை ஒரு கையை மட்டும் அவன் தூக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதேதான்.

மத்தியானத்துக்குள் பிரிவின் தலைவி டாக்டர் ஸ்ட்ரோட் வந்துவிட்டார். வெள்ளித் தலைமுடி, விலையுயர்ந்த ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வை. குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். கண்ணை மூடினார். கிரிஸ்பின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். என்னமோ ஏதோ என்று டெரக்கும் தொப்பியைக் கழற்றினார்.

"எழுநூறு வருஷம்," என்றார் டாக்டர் ஸ்ட்ரோட், தழுதழுத்த குரலில். "மிஸ்டர் பக்கிள், நீங்க பாக்கியசாலி. உங்க கொல்லையில இருக்கிறது இடைக்காலத்துக் கழிப்பிடம்."

"கழிப்பிடமா?"

"முழுசா இருக்கு. நிரம்பி இருக்கு!"

"டாக்டரம்மா, நானும் அதையேதான் இங்க கட்டலாம்னு..."

"அதைத்தான் நானும் சொல்றேன். இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

ஷேன் பொக்லைனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

டாக்டர் ஸ்ட்ரோட் குழிக்குள் நின்றபடியே பேச ஆரம்பித்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது, விடுவாரா? "இந்த மண்ணுல ஒவ்வொரு துளியும் பொக்கிஷம். இங்க உக்காந்த மனுஷன் என்ன சாப்பிட்டான்? செர்ரிக் கொட்டை இருக்கு, மீன் முள்ளு இருக்கு. அவன் வயித்துல புழு இருந்திருக்கு. எவ்வளவு அவஸ்தைப்பட்டிருப்பான்! குளிர்ல, இருட்டுல, வலியோட இங்க நடந்து வந்திருப்பான். அவனோட கஷ்டத்தை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது."

"என் பொண்டாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கும்மா," என்றார் டெரக். "அவளாலயும் நடக்க முடியாது. மாடி ஏற முடியாது. இங்க ஒரு கக்கூஸ் இல்லைன்னா அவளை இல்லத்துல சேர்த்துடுவாங்க."

"மிஸ்டர் பக்கிள், உங்க வருத்தம் புரியுது. ஆனா எங்க பிரிவு உயிரோட இருக்கிறவங்களைப் பார்க்கிறதில்ல. அது வீட்டு வசதிப் பிரிவு. ரெண்டாவது மாடி."

குழியை மூடிக் கட்டடம் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. கொல்லையில் வேறெங்கும் தோண்டவும் கூடாதாம். அந்தக் காலத்து மனிதன் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தான் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். ஷேன் பொக்லைனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

டெரக் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிலிடம் விஷயத்தைச் சொன்னார். ரகளை பண்ணுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அந்த ஸ்வெட்டரையாவது திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். டெரக் வராந்தாவுக்கு வந்து அழுதார். வயதான மனிதர், வெட்கம் பார்க்காமல் அழுதார்.

இதற்கிடையில் டாக்டர் ஸ்ட்ரோட் சும்மா இருக்கவில்லை. மக்கள் சொத்தை மக்கள் பார்க்க வேண்டாமா? சந்துப் பக்கம் கொல்லை வாசலில் 'பக்கிள் கழிப்பிடம்: இடைக்கால நினைவுச்சின்னம், அனைவரும் வருக' என்று பலகை வைத்தார்கள். டெரக்கின் அப்பா தாத்தா வழி வந்த குடும்பப் பெயர் ஒரு கழிப்பிடத்தின் தலையில் ஏறியது. குழிக்கு மேல் கண்ணாடி போட்டார்கள். மண்ணில் கால் படாமல் நடக்க, சமையலறைக் கதவிலிருந்து சந்து வாசல் வரை பலகைப் பாதை போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். வருகிறவர்களை எண்ணுவதற்குக் குழிப் பக்கத்தில் ஒரு கருவி பொருத்தினார்கள். யார் கடந்தாலும் அது டிக் என்று ஒரு சத்தம் போட்டுக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்.

அப்புறம் நகரசபையின் இன்னொரு பிரிவிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். பொதுஜனம் வந்து போகிற இடமென்றால் பொதுஜனத்துக்குக் கழிப்பறை வேண்டும், அதுவும் சக்கரநாற்காலி நுழைகிற மாதிரி வேண்டும் என்று விதி இருக்கிறதாம். தோண்டினால்தானே டாக்டர் ஸ்ட்ரோட் சண்டைக்கு வருவார்? தோண்டவே இல்லை. தயாராகச் செய்த கூண்டுக் கழிப்பறை ஒன்றைக் கிரேனில் தூக்கிவந்து, குழிக்கு அப்பால் இருந்த கல்தளத்தில் இறக்கினார்கள். அகலக் கதவு, உட்கார்ந்து எழக் கைப்பிடி, வெந்நீர்க் குழாய், உள்ளே ஒரு சின்ன ஹீட்டர். வாரம் ஒருமுறை லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகும். இன்னும் எழுநூறு வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாதே என்று கிரிஸ்பினுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

டெரக் அந்தக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது யாருக்குங்க?" என்று நாடாக்காரரிடம் கேட்டார்.

"பார்வையாளர்களுக்கு மட்டும்."

"வீட்டுக்காரங்க?"

"வீட்டுக்காரங்களுக்கு வீட்டுல இருக்குமே. விதி விதிதான் ஐயா. பார்வையாளருக்கு மட்டும்."

"வீட்டுக்காரங்க வந்து குழியைப் பார்த்தா?"

நாடாக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவங்க பார்வையாளர்."

"எவ்வளவு நேரம் பார்க்கணும்?"

"அதெல்லாம் விதியில சொல்லலை. ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. டெரக் ஓடிப்போய்ப் போனை எடுத்தார். விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. முதலில் மூக்கால், பிறகு வயிற்றால்.

"யோவ், ஒரு பார்வையா? நான் ரெண்டு பார்வை பார்க்கிறேன்யா அந்தக் குழியை! வண்டியைக் கொண்டா!"

ஆஸ்பத்திரி அம்மாள் வந்து பார்த்தாள். கீழ்த்தளத்தில் கழிப்பறை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, படி இல்லை. பெரில் வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். மறுநாள் விடியும்போதே டீயில் சர்க்கரை இல்லை என்று அவள் டெரக்கைத் திட்டினாள். டெரக் சந்தோஷத்தில் அவளுக்கு நாலு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

முதல் வாரம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இதுக்காடா வந்தோம்," என்று போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு ஈ காக்கை வரவில்லை. குளிர்காலமும் வந்தது. ஒருநாள் கிரிஸ்பின் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், கூட்டம் வராத சின்னங்களை மூடப்போறாங்க. கமிட்டி நேர்ல வந்து கணக்கைப் பார்க்கும். ஆள் வரலைன்னா குழியை மண்ணு போட்டு மூடிட்டு, பலகையையும் கூண்டையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"மூடிட்டா நான் மேல கட்டிக்கலாமா?"

"ஐயோ சார், அது எப்படி? மூடினாலும் சின்னம் சின்னம்தானே."

கூண்டைத் தூக்கினால் பெரிலையும் தூக்கிவிடுவார்கள். டெரக்குக்கு அது நன்றாகவே தெரியும். பெரிலுக்கும் தெரியும்.

கமிட்டி வந்த அன்று நல்ல பனி. கொல்லையில் நாற்காலி போட்டு மேயர், டாக்டர் ஸ்ட்ரோட், நாடாக்காரர், இன்னும் சில பெரிய மனிதர்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெரக் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சமையலறைக் கதவருகே பெரில் ஒரு போர்வையோடு உட்கார்ந்து காலையிலிருந்து மூன்றாவது கோப்பை டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கிரிஸ்பின் கருவியின் கணக்கை வாசித்தான். மேயர் காதை முன்னால் நீட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"கோட்டையை விட அதிகமா?"

"இந்தக் குளிர்காலத்துல கோட்டையை விட ரொம்ப அதிகம் ஐயா. ஒரு நாள்கூட விட்டுப்போகலை. கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட வந்திருக்காங்க. மழையில வந்திருக்காங்க, பனியில வந்திருக்காங்க, விடியறதுக்கு முன்னாடி வந்திருக்காங்க."

டெரக் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் ஸ்ட்ரோட் எழுந்தார். இதுவரைக்கும் மூடுவதற்கு ஆதரவாக ஒரு பேச்சு அவர் கோட்டுப் பையில் இருந்தது. அதை உள்ளேயே விட்டுவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்! மக்களுக்குச் சரித்திரத்துல ஆர்வம் இல்லைன்னு யார் சொன்னது? இந்தக் கணக்கைப் பாருங்க. காலையில எழுந்ததும் முதல் வேலையா இங்கதான் வர்றாங்க. டீ குடிச்சா உடனே இவங்களுக்கு முன்னோர் ஞாபகம் வருது. இன்னும் ஒரு அதிசயம். இந்தக் கருவி நடையோட வேகத்தையும் அளக்குது. குழியைத் தாண்டிப் போகும்போது எல்லாரும் ஒரு தவிப்போட, ஒரு பதற்றத்தோட வேகமாப் போறாங்க. திரும்பி வரும்போது? நிதானமா, சாந்தமா வர்றாங்க! எனக்கு உடம்பு சிலிர்க்குது. அந்தச் சில நிமிஷத்துல அவங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு கழண்டு போயிடுது. மனுஷனை மாத்தற சக்தி இந்த இடத்துக்கு இருக்கு. இதை மூடறது பாவம். நான் இருக்கிற வரைக்கும், நான் போன பிறகும், இந்தச் சின்னமும் இதோட வசதிகளும் இங்கேயே இருக்கணும்."

மேயர் கையைத் தூக்கினார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. டெரக் காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பத்திரிகைக்காரர், பார்வையாளர் ஒருவருடைய வாயால் இரண்டு வார்த்தை வேண்டும் என்றார். டாக்டர் ஸ்ட்ரோட் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பெரில் கைத்தடியை ஊன்றி எழுந்து, பலகைப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அந்த வயதிலும் நல்ல வேகம்.

"இதோ, மிஸஸ் பக்கிளே வர்றாங்க!" டாக்டர் ஸ்ட்ரோட் பாதையின் நடுவில் போய் நின்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். "சொல்லுங்க அம்மா. முறிஞ்ச இடுப்போட, இந்தப் பனியில, இவ்வளவு ஆவலா வர்றீங்களே. உங்களை இங்க இழுத்துட்டு வர்றது எது?"

பெரில் கண்ணாடிக்குக் கீழே இருந்த குழியை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் ஸ்ட்ரோட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"வழியை விடும்மா," என்றாள். "போயிட்டு வந்து சொல்றேன்."

டாக்டர் ஸ்ட்ரோட் ஒதுங்கினார். கருவி டிக் என்றது. கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது.